ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வீட்டிலேயே பாடம்: எந்தப் பாடத்திட்டம் எடுக்கலாம்?

காசிமேட்டு அம்மா

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு ஆறரை வயது, ஒன்றாம் வகுப்பு முடிக்கப்போகிறாள். மகனுக்கு நாலரை. மகள் போகும் பள்ளியின் பெயர் வேண்டாம், ஆனால் டிசம்பரிலிருந்து காலையில் சீருடையை எடுத்தாலே வயிறு வலிக்கிறது என்கிறாள். டாக்டரிடம் காட்டியாயிற்று, வயிற்றில் ஒன்றும் இல்லை. தினமும் நாலைந்து பக்கம் எழுதச் சொல்லி அனுப்புகிறார்கள், முடிக்க ராத்திரி ஒன்பது ஆகிறது, அதில் பாதி நேரம் அழுகை. இத்தனை எழுதியும் ஒரு சின்னக் கதைப் புத்தகத்தைக் கொடுத்தால் இரண்டு வரி படிக்க வரவில்லை.

அதனால் ஒரு வருடம் வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்கலாமா என்று நானும் வீட்டுக்காரரும் பேசிக்கொண்டிருக்கிறோம். நான் பி.காம். படித்திருக்கிறேன். அவர் விசைப்படகில் போகிறவர், போனால் வர ஒரு வாரம் பத்து நாள் ஆகும். மாமியார் மீன் வியாபாரம், விடியற்காலையில் ஏலத்துக்குப் போய் மதியத்துக்குள் திரும்பிவிடுவார்.

இணையத்தில் தேடினால் மாண்டிசோரி, வால்டார்ஃப், சார்லட் மேசன், சிங்கப்பூர் கணக்கு, அமெரிக்காவிலிருந்து பெட்டியோடு வரும் செட் என்று தலை சுற்றுகிறது. எங்களால் வருடத்துக்கு ஐந்தாயிரம் வரை போட முடியும், அதற்கு மேல் முடியாது. எதை எடுப்பது? தமிழுக்கு என்ன செய்வது? சரிவரவில்லை என்றால் திரும்பப் பள்ளியில் சேர்க்க முடியுமா? இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர் இருவர் அம்மா

தங்கச்சி, முதலில் ஒன்று. பெட்டியோடு வரும் செட்டை வாங்காதே. நான் வாங்கினேன், அதுவும் ஒருவர் பாதி விலைக்குக் கொடுத்தார் என்று பதினெட்டாயிரம் கொடுத்து. கணக்குப் புத்தகத்தில் பென்னி, நிக்கல், டைம் என்று அமெரிக்கச் சில்லறை. அளவெல்லாம் இன்ச்சும் அவுன்ஸும். காலநிலைப் பாடத்தில் பனிமனிதன். என் பையன் ஒவ்வொரு பக்கத்திலும் "இது என்னம்மா" என்று கேட்க, நான் பாடத்தை விட்டுவிட்டு அமெரிக்காவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று மாதத்தில் பரணுக்குப் போய்விட்டது. அந்த ஊர்ப் பிள்ளைக்கு அது நல்ல புத்தகமாகவே இருக்கலாம்.

இந்த வயதில் "பாடத்திட்டம்" என்று ஒரே மூட்டையாக எதுவும் தேவையில்லை என்பதுதான் ஐந்து வருடத்துக்குப் பிறகு என் கருத்து. வாசிப்பு ஒன்று, கணக்கு ஒன்று, இரண்டையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்தால் போதும். பிள்ளை தமிழில் ஒரு நிலையிலும் கணக்கில் வேறு நிலையிலும் இருக்கும், மூட்டையாக வாங்கினால் ஒன்று கழுத்துவரை மூழ்கும், ஒன்று கணுக்காலுக்குக்கூட வராது.

கணக்குக்கு மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. 2023-ல் கொண்டுவந்த 'ஜாய்ஃபுல் மேத்தமேடிக்ஸ்' ஒன்றாம் இரண்டாம் வகுப்புக்கு நன்றாக இருக்கிறது, அவர்கள் தளத்தில் பி.டி.எஃப். இலவசம். கூடவே எம்.இ.பி. என்று ஒன்று உண்டு, ஹங்கேரி நாட்டு முறையைத் தழுவி இங்கிலாந்தில் உருவாக்கியது, அதுவும் இலவசம்; யோசிக்க வைக்கும் கணக்குகள் அதில் அதிகம். சிங்கப்பூர் கணக்கு என்று பெரிதாகப் பேசுகிறார்களே, அதன் உயிர் ஒரே விஷயம்தான்: முதலில் கையில் பொருள், அப்புறம் படம், கடைசியில்தான் எண். ஐஸ் குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவைத்துவிட்டு "34 எடு" என்று சொல். மூன்று கட்டும் நாலு குச்சியும் எடுக்கிற பிள்ளைக்கு இடமதிப்பு வந்துவிட்டது. நாங்கள் பெரம்பூர் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் நின்று சரக்கு ரயில் பெட்டிகளை இரண்டிரண்டாக எண்ணுவோம், இரண்டாம் வாய்ப்பாடு அப்படித்தான் வந்தது.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய். ஒன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் கடைசி இரண்டு பாடத்தை அவளிடம் கொடு. தடுமாறாமல் செய்தால் இரண்டாம் வகுப்பு. இல்லையென்றால் பின்னாலிருந்து முன்னால் வந்துகொண்டே இரு, எங்கே அவளுக்குச் சுலபமாகிறதோ அங்கிருந்து ஆரம்பி. வயது, வகுப்பு எதையும் பார்க்காதே.

இங்கிலாந்துக் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923) சொன்னதில் எனக்குப் பயன்பட்டது இரண்டு. சின்னப் பிள்ளைக்கு ஒரு பாடம் பதினைந்து இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம், அதற்குள் முழுக் கவனம். இன்னொன்று, கதையை ஒரே ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு, பிள்ளையைத் தன் வாயால் திருப்பிச் சொல்லவைப்பது. இதற்குப் பணமே வேண்டாம், உங்கள் மாமியார் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் போதும். மாண்டிசோரிக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டும் என்றும் இல்லை. ஹார்டுவேர் கடையில் உப்புத்தாள் வாங்கி எழுத்து வடிவத்தில் வெட்டி அட்டையில் ஒட்டு, சின்னவன் விரலால் தடவிப் பார்க்கட்டும். நாலரை வயதுக்கு அதுவும் கதையும் விளையாட்டும் போதும், அவனுக்கென்று தனியாக ஒன்றும் வாங்காதே.

திருவொற்றியூர் டீச்சர்

அம்மா, நான் அரசுப் பள்ளியில் தொடக்க வகுப்புகள் எடுத்து ஓய்வு பெற்றவள். தமிழைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதை மட்டும் சொல்கிறேன்.

பிள்ளை பக்கம் பக்கமாக எழுதியும் வாசிக்கவில்லை என்றால், 247 எழுத்தையும் 247 படமாக மனப்பாடம் செய்கிறது என்று அர்த்தம். எழுதுவது கை வேலையாகிவிட்டது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மீதி 216-ம் இவற்றைக் கூட்டிச் செய்வதுதான், அதைப் பிள்ளைக்கு யாராவது காட்ட வேண்டும். 'க'வுக்குக் கால் போட்டால் கா, கொம்பு போட்டால் கெ, இது எந்த எழுத்துக்கும் பொருந்தும் என்று தெரிந்துவிட்டால் குழந்தை தானாகவே ஓடும். ஓடிப்போய் முட்டிக்கொள்ளும் இடம் உகர வரிசை, ஏனென்றால் அங்கே குறி ஒரே மாதிரி இல்லை. அதை மூன்று குடும்பமாகப் பிரித்துக் கொடுங்கள். சு, பு, யு, வு ஒன்று. து, நு, லு, று, னு, ணு இன்னொன்று. கு, டு, மு, ரு, ழு, ளு மூன்றாவது. ஒரு வாரத்துக்கு ஒரு குடும்பம். இதை விட்டுவிட்டு அட்டவணையைத் தினமும் எழுதவைத்தால் வருடம்தான் போகும்.

எழுத ஆரம்பிக்க ட, ப, ம மாதிரி நேர்கோட்டு எழுத்தை எடுங்கள். 'அ' அழகான எழுத்துதான், ஆனால் நாலரை வயது விரலுக்கு அது கஷ்டம்.

புத்தகம் வாங்கவே வேண்டாம். சமச்சீர்ப் பாடநூல்கள் பருவம் பருவமாக இணையத்தில் கிடைக்கின்றன, அச்சில் வேண்டுமானால் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் பாடநூல் கழகத்தில் வாங்கலாம், விலை குறைவு. அப்புறம் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டப் பயிற்சி நூல்களைக் கட்டாயம் பாருங்கள். 2022 ஜூனில் நம் பக்கத்து அழிஞ்சிவாக்கத்தில்தான் அந்தத் திட்டத்தைத் தொடங்கினார்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருப்பார்கள். ஒரே வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் பிள்ளைக்கு எது தெரியுமோ அங்கிருந்து போவது அதன் நோக்கம். வீட்டில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு சொல்லித்தருகிறவர்களுக்கு இது ரொம்பவே பொருந்தும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்கு இது மனதில் இருக்கிற விஷயம். நம் பக்கத்துப் பிள்ளைகள் "வந்துகினு இருந்துச்சி", "குந்து" என்று பேசும். உடனே "தப்பு, ஒழுங்காகப் பேசு" என்று அதட்டி வாயை மூடிவிடுகிறார்கள். குந்து என்பது அகராதியில் இருக்கிற பழைய தமிழ்ச் சொல், அம்மா. பிள்ளை வீட்டில் பேசுவது ஒரு தமிழ், புத்தகத்தில் இருப்பது ஒரு தமிழ், இரண்டுக்கும் நடுவில் பாலம் போடுவதுதான் நம் வேலை. அதற்கு ஒரே வழி சத்தமாக வாசித்துக் காட்டுவது, தினமும். அவள் பேச்சில் சொன்ன கதையை நீங்கள் ஒரு தாளில் எழுதி, அதையே அவளைப் படிக்கவையுங்கள், தன் வார்த்தை எழுத்தாக நிற்பதைப் பார்த்தால் பிள்ளைக்கு முகமே மாறிவிடும். கதைகளுக்கு பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளம் இலவசம், தமிழில் நிலை வாரியாக இருக்கிறது. தூலிகாவின் இருமொழிப் புத்தகங்களும் நல்லவை.

எண்ணூர் அப்பா

நாங்கள் இரண்டு வருடம் வீட்டில் வைத்திருந்து, மகளை நாலாம் வகுப்பில் அரசுப் பள்ளியில் சேர்த்தவர்கள். அதனால் திரும்பிப் போகும் வழியைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்கு. அதன் 10-ஆம் பிரிவு, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. செய்யாத பெற்றோருக்குத் தண்டனை என்று அதில் இல்லை. வீட்டில் படிக்கவைப்பவர்கள் எல்லோரும் இந்த இடைவெளியில்தான் நிற்கிறோம், தெரிந்துகொண்டு நில்லுங்கள். 4-ஆம் பிரிவு உங்களுக்குச் சாதகம்: பள்ளியில் இல்லாத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். எங்களுக்கு அப்படித்தான் இடம் கிடைத்தது. இருந்தாலும் இப்போது படிக்கும் பள்ளியில் டி.சி.யை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட நாள் தொடர்ந்தால் பன்னிரண்டரை வயதில் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம், 14 முடிந்தால் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு. உங்களுக்கு அதெல்லாம் தூரம்.

நாங்கள் செய்த தவறு தமிழை விட்டது. ஆங்கிலக் கதைப் புத்தகம் நன்றாகப் படிக்கிறாள் என்ற சந்தோஷத்தில் தமிழ் தானாக வரும் என்று இருந்துவிட்டோம். வரவில்லை. 2006 சட்டப்படி இங்கே பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம். நாலாம் வகுப்பில் மற்ற பாடமெல்லாம் தெரிந்த பிள்ளை கரும்பலகையைப் படிக்கத் தெரியாமல் முதல் மூன்று மாதம் உட்கார்ந்திருந்தாள், அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனது கேட்கவில்லை.

பெரம்பூர்க்காரர் சொன்னதில் ஒன்றை மட்டும் நான் ஏற்கமாட்டேன். இரண்டு மூன்று கணக்குப் புத்தகத்தைக் கலந்து எடுக்க அவருக்கு அனுபவம் இருக்கிறது. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் ஒன்றை முதுகெலும்பாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு வருடத்துக்குப் பிறகு பள்ளிக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால் அது சமச்சீர்ப் புத்தகமாகவே இருக்கட்டும், பருவத்தை மட்டும் ஒழுங்காக முடியுங்கள். மற்றதெல்லாம் பக்கவாட்டில் தொட்டுக்கொள்ள.

அப்புறம், இரண்டாவது வருடம் என் மகள் கேட்டது புத்தகம் இல்லை, "எனக்கு ஃபிரெண்டே இல்லையாப்பா" என்றாள். நாங்கள் நிறுத்தியதற்குப் பாதிக் காரணம் அதுதான். சாயங்காலம் தெருவில் விளையாடப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று பாருங்கள்.

பெரம்பூர் இருவர் அம்மா

எண்ணூர் அண்ணா சொல்வது சரி. ஒரு வருடத் திட்டம் என்றால் சமச்சீரே முதுகெலும்பு, எம்.இ.பி. வாரத்துக்கு இரண்டு நாள் போதும். ஆங்கிலத்தில் மட்டும் ஒரு வார்த்தை: 26 எழுத்துக்கு 44 ஒலி என்பதால் ஏ ஃபார் ஆப்பிளோடு நிற்காமல் ஒலி முறையில் போ, அவசரப்படாதே. தமிழ் வாசிப்பு வந்த பிள்ளைக்கு ஆங்கிலம் பிடிபடும்.

தங்கச்சி, உன் வீட்டுக்காரருக்கு மீன்பிடித் தடைக்காலம் வருமே? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் அவர் கரையில்தானே இருப்பார். ஒரு வருடம் என்று இப்போதே முடிவு செய்யாமல் அந்த 61 நாளை வெள்ளோட்டமாக நடத்திப் பாரேன்.

காசிமேட்டு அம்மா

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அக்கா சொன்ன தடைக்காலம் எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். ஜூனில் பள்ளி திறக்கும்போது நிலைமையைப் பார்த்து முடிவெடுக்கலாம், அதுவரை தினமும் காலையில் ஒரு மணி நேரம் அவரே உட்காருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வலை கட்டும் இடத்துக்கு இரண்டு பேரையும் அழைத்துப் போவாராம். கணக்கை மாமியார் கேட்டு வாங்கிக்கொண்டார், கிலோ, அரைக் கிலோ, மீதிச் சில்லறை எல்லாம் அவர் பொறுப்பு. நேற்றே சங்கரா விலையை வைத்து ஆரம்பித்துவிட்டார். தெருவில் சாயங்காலம் பத்துப் பதினைந்து பிள்ளைகள் இருக்கிறார்கள், அண்ணா, அந்தக் கவலை இப்போதைக்கு இல்லை.

டீச்சர், நீங்கள் சொன்னதை நேற்று ராத்திரியே பார்த்தேன். ப, பா, பி, பீ வரை சொல்லிவிட்டாள். 'பு' வந்ததும் என் முகத்தைப் பார்த்தாள். கு, டு, மு மூன்றையும் 'மு' என்றே படிக்கிறாள். மூன்று மாதமாக நான் எழுதச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்த பிள்ளைக்குத் தெரியாமல் இருந்தது இந்த ஒரு வரிசைதான். நாளைக்கு சு, பு, யு, வு.

திருவொற்றியூர் டீச்சர்

நல்லது அம்மா. நாளைக்கு நோட்டு வேண்டாம், தட்டில் மணல் பரப்பி விரலால் எழுதவையுங்கள். புறா, சுறா, புலி, கதவு என்று அவளுக்குத் தெரிந்த வார்த்தையாக எடுங்கள். சுறா உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.