வீட்டில் செய்யும் எலெக்ட்ரானிக்ஸ் பெட்டிகள்: எந்தப் பொருள், எப்படி வெட்டுவது, எங்கே சொதப்பும்

பலர் மாறி மாறி எழுதிய குறிப்புகள் இவை; * வரும் இடத்தில் ஆள் மாறும். சர்க்யூட் முடிந்த பிறகு அது அடங்கும் அளவுக்கு ஒரு பெட்டி தேடுவதுதான் வழக்கம். அளவு பார்ப்பதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள்: உள்ளே மெயின்ஸ் (சுவர் பிளக்கின் மின்சாரம்) வருகிறதா, ஆன்டெனா இருக்கிறதா, எவ்வளவு சூடாகும். பொருளை இந்த மூன்றுமே முடிவு செய்துவிடும். அழகுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

மெயின்ஸ் வந்தால் எர்த் செய்த உலோகப் பெட்டி, இல்லாவிட்டால் யு.எல். 94 வி-0 தரம் (பற்றினாலும் தானாக அணையும் வகை) குறித்த பிளாஸ்டிக் பெட்டி. ப்ளைவுட், எம்.டி.எஃப். (அழுத்திய மரநார்ப் பலகை), பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக்கில் எடுத்த சாதாரண 3டி பிரிண்ட் எல்லாம் ஒருமுறை பற்றிக்கொண்டால் தானாக அணையாது. அடாப்டர் வெளியே இருந்து 5 அல்லது 12 வோல்ட் மட்டும் உள்ளே வரும் வேலைக்கு இவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அப்போதும் உள்ளே நுழைந்ததும் ஒரு ஃபியூஸ் போடுங்கள்.

வைஃபை, ப்ளூடூத் இருந்தால் முழு உலோகப் பெட்டி சிக்னலை அடைத்துவிடும். ஈ.எஸ்.பி.32 என்ற வைஃபை மாட்யூலில் உள்ள பி.சி.பி. (சர்க்யூட் போர்டிலேயே பதித்த) ஆன்டெனாவைச் சுற்றிக் குறைந்தது 15 மி.மீ. தூரத்துக்கு உலோகம் இருக்கக் கூடாது. ஒரு பக்கப் பேனலை மட்டும் பிளாஸ்டிக்கில் போட்டு ஆன்டெனாவை அங்கே திருப்பலாம், அல்லது வெளி ஆன்டெனா இணைக்கும் மாட்யூலை வாங்கலாம். கார்பன் ஃபைபர் கலந்த 3டி பிரிண்ட் ஃபிலமென்டும், உலோகத் தூள் கலந்த வெள்ளி நிற ஸ்ப்ரேயும் இதே தொல்லையைத் தரும். பார்வைக்கு பிளாஸ்டிக் போலவே இருப்பதால் காரணம் சட்டென்று பிடிபடாது.

சூட்டைப் பொறுத்தவரை, பி.எல்.ஏ. 60 டிகிரியை நெருங்கும்போதே இளகும். மற்ற பிரிண்ட் பிளாஸ்டிக்குகளில் பெட்-ஜி சுமார் 80, ஏ.பி.எஸ். சுமார் 105. வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்கும் எதற்கும் பி.எல்.ஏ. வேண்டாம்.

*

அலுமினியம் பற்றி நான் சேர்க்கிறேன்.

தகடு வாங்கும்போது கிரேடு கேளுங்கள். 5052 நன்றாக மடியும். 6061-டி6 வெட்டவும் துளையிடவும் அருமை, ஆனால் கூர்மையாக மடித்தால் வெளிப்பக்கம் விரிசல் விடும். கிரேடு தெரியாத தகடு என்றால் ஓரத்துண்டு ஒன்றை வைஸில் பிடித்து 90 டிகிரி மடித்துப் பாருங்கள். மடிப்பின் வெளிமுகம் சொரசொரப்பானால் ஆரத்தைக் கூட்ட வேண்டும். கோடு கோடாக வெடித்தால் அந்தத் தகடு தட்டைப் பேனலுக்கு மட்டுமே. தகட்டை வெளிச்சத்தில் சாய்த்தால் உருட்டிய திசையில் மெல்லிய கோடுகள் ஓடுவது தெரியும். மடிப்பு அவற்றுக்குக் குறுக்கே விழ வேண்டும்.

பலரும் தடுக்கி விழுவது வெட்டும் அளவில்தான். வெளி அளவு 40, 100, 40 வருகிற ஒரு ‘ப’ வடிவ அடிப்பெட்டி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் கூட்டி 180 மி.மீ. வெட்டினால் பெட்டி பெரிதாகிவிடும், மூடி உட்காராது. தகடு 1.5 மி.மீ., உள் ஆரம் 1.5, கே-காரணி (மடிக்கும்போது நீளவும் சுருங்கவும் செய்யாத அடுக்கு, உள்முகத்திலிருந்து கனத்தில் எத்தனை பங்கில் இருக்கிறது என்ற எண்) 0.4 என்றால் அந்த அடுக்கு 0.4 × 1.5 = 0.6 மி.மீ. ஆழத்தில் இருக்கும். ஒரு மடிப்பு வாங்கும் நீளம் 1.571 (90 டிகிரி, ரேடியனில்) × (1.5 + 0.6), அதாவது 3.3 மி.மீ. ஆனால் வெளிமூலை வரை அளந்ததால் அந்த மடிப்புக்குப் பக்கத்துக்கு ஆரமும் கனமும் சேர்ந்து 3, ஆக 3 + 3 = 6 மி.மீ. கணக்கில் வந்திருக்கிறது. வித்தியாசம் 2.7. இரண்டு மடிப்புக்கு 5.4. எனவே வெட்ட வேண்டியது 174.6 மி.மீ. முதல் மடிப்பின் நடுக்கோடு ஓரத்திலிருந்து 40-ல் இல்லை, 2.7-ல் பாதி குறைந்து 38.65-ல் விழும்.

கே-காரணி தகட்டுக்குத் தகடு மாறும். அதைத் தேடி அலைய வேண்டாம். சரியாக 100 மி.மீ. நீளத் துண்டை நடுவில் மடித்து, இரண்டு கால்களின் வெளி அளவையும் வெர்னியரில் எடுத்துக் கூட்டுங்கள். 100-க்கு மேல் வருவதுதான் உங்கள் தகட்டுக்கு ஒரு மடிப்புக்கான கழிவு.

மடிப்பு மெஷின் இல்லாவிட்டால் மடிப்பைவிட நீளமான இரண்டு இரும்பு ஆங்கிள் போதும். ஒன்றின் முனையை அரத்தால் 1.5 மி.மீ. ஆரத்துக்கு உருட்டிவிட்டு, தகட்டை நடுவில் வைத்து வைஸில் இறுக்குங்கள். சுத்தியலால் நேராக அடிக்காதீர்கள். அடிபட்ட இடம் நீண்டு மடிப்பு அலை அலையாகிவிடும். முழு அகலத்துக்கும் ஒரு கட்டை மரத்துண்டை வைத்து அழுத்தி மடித்து, கடைசியில் அந்த மரத்தின் மேல் தட்டுங்கள். கையை எடுத்ததும் தகடு கொஞ்சம் திரும்பி வரும், அதனால் 2–3 டிகிரி கூடுதலாக மடிக்க வேண்டும். மடிப்புக் கோட்டை ஊசியால் கீறாதீர்கள், விரிசல் அந்தக் கீறலில்தான் ஆரம்பிக்கும். பென்சில் அல்லது மார்க்கர் போதும். இரண்டு மடிப்புகள் சந்திக்கும் மூலையில் முன்கூட்டியே 3–4 மி.மீ. துளை போட்டுவிட வேண்டும். மற்ற துளைகளையும் தட்டையாக இருக்கும்போதே போடுவது சுலபம். ஆனால் மடிப்பிலிருந்து 5–6 மி.மீ.க்குள் வரும் துளை இழுபட்டு முட்டை வடிவமாகிவிடும்.

*

ஒரு சந்தேகம் அண்ணா. 2 மி.மீ. தகட்டில் மடிப்புக் கோட்டைப் பாதி ஆழம் ஹேக்ஸாவால் அறுத்துவிட்டால் கையாலேயே மடிக்கலாம் என்கிறார்களே, அது சரிவருமா?

*

மடியும் தம்பி, ஆனால் மூலையில் பாதித் தகடுதான் மிஞ்சும். இரண்டு முறை நிமிர்த்தினால் முறிந்துவிடும். உள்ளே 10 × 10 ஆங்கிள் வைத்து ரிவெட் அடித்தால் தாங்கும். அவ்வளவு செய்வதற்கு மடிக்காமலே செய்துவிடலாம்: ஆறு தட்டைப் பேனல், மூலைகளில் 10 மி.மீ. சதுர அலுமினியக் கம்பி. கம்பியில் 2.5 மி.மீ. துளை போட்டு எம்3 (3 மி.மீ. ஸ்க்ரூ) அளவுக்குத் திருகு வெட்டும் டேப்பை ஓட்டுங்கள். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே, நடுநடுவே ஒரு சொட்டு மண்ணெண்ணெய். விடாமல் ஒரே திசையில் சுற்றினால் சுருள் அடைத்துக்கொண்டு டேப் உள்ளேயே ஒடியும். ஒடிந்த எம்3 டேப்பை வெளியே எடுப்பதைவிடப் புதுக் கம்பி வெட்டுவது மேல்.

*

அக்ரிலிக் பத்தி யாரும் எழுதலையே, நான் சொல்றேன்.

ரெண்டு வகை இருக்குங்க, காஸ்ட் (அச்சுல ஊத்தினது), எக்ஸ்ட்ரூடட் (உருக்கி அச்சு வழியாத் தள்ளினது)னு. துளை போட, லேசர்ல வெட்ட காஸ்ட் நல்லா ஒத்துழைக்கும். எக்ஸ்ட்ரூடட் சீக்கிரம் உருகி டிரில் பிட்ல ஒட்டிக்கும். ஆனா காஸ்ட்ல ஒரு சிக்கல்: கனம் சீரா இருக்காது. 3 மி.மீ.னு எழுதியிருக்கிற ஷீட் 2.7-ஆவும் இருக்கும். ஒண்ணுக்குள்ள ஒண்ணு செருகுற பெட்டின்னா முதல்ல ஷீட்டை நாலு இடத்துல அளந்துட்டு, 2.7-லேர்ந்து 3.1 வரைக்கும் 0.05 இடைவெளியில காடி வெட்டின சின்னத் துண்டு ஒண்ணு போட்டுப் பாருங்க. லேசர் கதிர் தின்கிற 0.1–0.2 மி.மீ.யும் அதுலயே தெரிஞ்சிடும்.

லேசர்ல வெட்டின ஓரத்தை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் போட்டுத் துடைக்காதீங்க. வெட்டும்போது ஓரத்துல அழுத்தம் தங்கிடும், ஆல்கஹால் பட்டதும் மயிரிழை மயிரிழையா விரிசல் ஓடும். சோப்புத் தண்ணி போதும். டைகுளோரோமீத்தேன் மாதிரி கரைப்பான் போட்டு ஒட்டணும்னா, முன்னாடியே 80 டிகிரி ஓவன்ல ரெண்டு மணி நேரம் வெச்சு, ஓவனுக்குள்ளயே மெதுவா ஆற விடுங்க. ஓவன் காட்டுற டிகிரியை நம்பாம உள்ளே தனி தெர்மாமீட்டர் வைங்க. ஒட்டும்போது ஜன்னலைத் திறந்து வைங்க, அந்த ஆவி உடம்புக்கு ஆகாது.

துளைக்கு வந்தா, புது டிரில் பிட் அக்ரிலிக்கைக் கவ்வி இழுத்து, வெளியே வர்ற இடத்துல ஒரு சில்லைப் பேத்துடும். வெட்டுமுனையைச் சாணைக்கல்லுல லேசாத் தேய்ச்சு, கவ்வாம சுரண்டுற மாதிரி ஆக்கிடணும். அடியில மரக்கட்டை வெச்சு கிளாம்ப் போடுங்க. எம்3 ஸ்க்ரூவுக்கு 3.5 மி.மீ. துளை, அதுக்கு மேல நைலான் வாஷர். கூம்புத் தலை ஸ்க்ரூ வேண்டவே வேண்டாம், அது ஆப்பு மாதிரி உள்ளே இறங்கிப் பிளந்துடும். நட் கழலுதுன்னு த்ரெட் லாக்கர் திரவம் விடறவங்க நிறைய பேர். அது அக்ரிலிக், பாலிகார்பனேட், ஏ.பி.எஸ். மூணையுமே விரிசல் விட வைக்கும். நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் வெச்சது) போட்டா வேலை முடிஞ்சது.

முக்கியமா, பி.வி.சி. ஷீட்டை லேசர்ல வைக்கவே கூடாது. ஹைட்ரஜன் குளோரைடு வரும், நுரையீரலுக்கும் கேடு, மெஷினும் துருப்பிடிக்கும். பாலிகார்பனேட் கருகி மஞ்சளாயிடும், அதை ரம்பத்துல வெட்டுங்க. அதுக்கு அக்ரிலிக்குக்கு இல்லாத ஒரு வசதி உண்டு: மெல்லிசு ஷீட்னா சூடே இல்லாம, தகடு மடிக்கிற மாதிரியே மடிக்கலாம்.

*

துளை அளவுகளை ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன், அடிக்கடி கேட்கிறார்கள். சின்ன பொட்டென்ஷியோமீட்டரின் (வால்யூம் குமிழுக்கு அடியில் இருப்பது) கழுத்து பெரும்பாலும் 7 மி.மீ. மினி டாகிள் சுவிட்ச் கால் அங்குலம், 6.5 மி.மீ. துளை போதும். 3.5 மி.மீ. ஆடியோ ஜாக்குக்கு 6, பெரிய 6.35 ஜாக்குக்கு 9.5 முதல் 10. மெயின்ஸ் ஐ.ஈ.சி. சாக்கெட்டுக்கு (கம்ப்யூட்டர் பவர் கேபிள் செருகுவது) ஏறக்குறைய 27 × 20 செவ்வகம், ஸ்க்ரூக்களின் நடுவே 40. கையில் இருப்பதை அளந்துவிட்டே வெட்டுங்கள்.

யு.எஸ்.பி.-சி-யில் ஏமாறுவது எளிது. சாக்கெட்டின் வாய் சுமார் 9 × 3.3 மி.மீ.தான். அந்த அளவுக்கே ஓட்டை போட்டால், கேபிள் முனையின் தடித்த பிளாஸ்டிக் பெட்டியின் சுவரில் முட்டி நிற்கும், பிளக் பாதிதான் இறங்கும். அந்தப் பிளாஸ்டிக் உறைக்கு வரையறுத்த உச்ச அளவு 12.35 × 6.5. எனவே சுவர் 1 மி.மீ.யைத் தாண்டினால் வெளிப்பக்கத்தில் 13 × 7 அளவுக்குப் பள்ளம் எடுத்துவிடுங்கள். தடித்த மரப் பேனலில் பொட்டென்ஷியோமீட்டர் மாட்டும்போதும் இதே கதை: கழுத்து 6–7 மி.மீ.தான் நீளம், நட்டுக்குத் திருகு மிஞ்சாது. பின்பக்கத்தைக் குடைந்து 2 மி.மீ. கனம் விடுங்கள்.

மெல்லிய தகட்டில் 6 மி.மீ.க்கு மேல் போனால் சாதாரண பிட் முக்கோண ஓட்டைதான் போடும். 3 மி.மீ. பிட்டில் தொடங்கி ஸ்டெப் டிரிலுக்கு (படிப்படியாக அகலமாகும் கூம்பு பிட்) மாறுங்கள். ஒரு படியின் உயரம் தகட்டின் கனத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கீழே முழு அளவு வருவதற்குள் மேலே அடுத்த படி வெட்ட ஆரம்பித்துவிடும். துளை இடங்கள் குறித்த பேப்பர் டெம்ப்ளேட்டைத் தகட்டில் ஒட்டுபவர்கள் அதில் 100 மி.மீ. கோடு ஒன்றைச் சேர்த்து அச்சிட்டு ஸ்கேலால் அளக்க வேண்டும். பிரிண்டர் பக்கத்துக்குப் பொருத்துகிறேன் என்று சத்தமில்லாமல் சுருக்கியிருக்கும்.

*

உலோகப் பெட்டியில் எர்த் பற்றி. இது விளையாட்டு இல்லை, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எர்த்துக்குத் தனி எம்4 போல்ட். டிரான்ஸ்ஃபார்மரைப் பிடிக்கும் போல்ட்டில் சேர்த்துப் போடாதீர்கள், யாராவது டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றினால் எர்த்தும் போய்விடும். போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்டை வெறும் உலோகம் தெரியச் சுரண்ட வேண்டும். அனோடைஸ் செய்த (மேலே ஆக்சைடு படலம் ஏற்றிய) அலுமினியம் பளபளவென்று உலோகம் போலவே தெரியும், ஆனால் அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது, அதையும் சுரண்ட வேண்டும். ரிங் டெர்மினல், பல் வாஷர், நட், அதன் மேல் இன்னொரு நட். எர்த் ஒயரை லைவ் ஒயரைவிட நீளமாக விடுங்கள். கேபிளை யாராவது இழுத்தால் கடைசியாக அறுவது எர்த்தாக இருக்கட்டும். மூடிக்கும் தனி ஒயர் போட வேண்டும், ஸ்க்ரூ வழியாகத் தொடும் என்று விடக் கூடாது. முடிந்ததும் பிளக்கின் எர்த் பின்னுக்கும் பெட்டியின் ஒவ்வொரு துண்டுக்கும் இடையே அளந்து பாருங்கள். மீட்டரின் இரு முனைகளையும் முதலில் ஒட்டவைத்து வரும் எண்ணைக் கழித்தால் 0.1 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும்.

வட்ட டிரான்ஸ்ஃபார்மர் போடுபவர்கள் ஒன்று கவனியுங்கள்: அதன் நடு போல்ட்டின் மேல்முனை உலோக மூடியைத் தொட்டால் போல்ட், மூடி, பக்கச் சுவர், அடித்தகடு எல்லாம் சேர்ந்து ஒரு சுற்றுக் கம்பியாகிவிடும். ஷார்ட் ஆன ஒரு சுற்று செகண்டரிக்கு (வெளியீட்டுச் சுருளுக்கு) சமம், டிரான்ஸ்ஃபார்மர் கருகும். போல்ட்டுக்கும் மூடிக்கும் நடுவே தாராளமாக இடைவெளி விடுங்கள்.

*

ரேடியோ சர்க்யூட்டுக்கு ஷீல்டு பெட்டி (ரேடியோ அலைகளைத் தடுப்பது) வேண்டுமென்றால் தகடே தேவையில்லை சார், காப்பர் பூசிய பி.சி.பி. போர்டை வெட்டி மூலைகளை சால்டர் செய்தால் போதும். 1.6 மி.மீ. போர்டை இரு முகத்திலும் கத்தியால் ஆழமாகக் கீறி, மேசை ஓரத்தில் வைத்து ஒடியுங்கள். ரம்பத்தில் அறுத்தால் கண்ணாடி இழைத் தூள் பறக்கும், மாஸ்க் இல்லாமல் வேண்டாம். அரம் போடும்போது தண்ணீர் தொட்டுக்கொள்ளுங்கள்.

மூலையை ஒரே இழுப்பில் சால்டர் செய்தால், ஆறும்போது ஈயம் சுருங்கிச் சுவரை உள்பக்கம் இழுக்கும். 90 டிகிரி வைத்தது 87 ஆகும். முதலில் இரு முனையிலும் ஒரு புள்ளி, மூலைமட்டம் வைத்துப் பார்த்து, கோணம் தவறியிருந்தால் அந்தப் புள்ளியை உருக்கித் திருத்தி, பிறகு 20 மி.மீ.க்கு ஒரு புள்ளி. எதிர்ச்சுவரையும் நிறுத்திய பிறகுதான் நீளமாக ஓட்ட வேண்டும். குறைந்தது 60 வாட் சால்டரிங் அயர்ன், தடித்த முனை. சின்ன முனையை நெடுநேரம் வைத்தால் காப்பர் உரிந்து வந்துவிடும். மூடியைத் திருக, மூலைகளில் பித்தளை எம்3 நட்டுகளை வைத்து சால்டர் செய்யலாம். நட்டுக்குள் ஈயம் ஏறாமல் இருக்க ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவை எண்ணெய் தடவித் திருகி வைத்துச் செய்யுங்கள். சாதாரண சால்டர் அதில் ஒட்டாது.

*

3டி பிரிண்ட் பெட்டிக்கு இரண்டு வரி. சுவர் 2.4 மி.மீ., மூடிக்கு ஒவ்வொரு பக்கமும் 0.2–0.3 மி.மீ. இடைவெளி. ஸ்க்ரூவை நேராக பிளாஸ்டிக்கில் திருகினால் நாலைந்து முறை கழற்றியதும் திருகு தேய்ந்துவிடும், பித்தளை இன்சர்ட் (சூடாக்கிப் பதிக்கும், உள்ளே திருகு உள்ள குழல்) போடுங்கள். எம்3-க்குப் பரவலாகக் கிடைப்பதற்கு 4 மி.மீ. துளை, அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் தூணின் வெளிவிட்டம் 8. துளை இன்சர்ட்டைவிட 1 மி.மீ. ஆழமாக இருக்கட்டும், உருகியது போக இடம் வேண்டும். பி.எல்.ஏ.வுக்கு அயர்னை 220 டிகிரி வாக்கில் வைத்து, அழுத்தாமல் அதன் எடையிலேயே இறங்க விட்டு, கடைசி அரை மி.மீ.யில் அயர்னை எடுத்துவிட்டுத் தட்டையான அலுமினியத் துண்டால் அழுத்திப் பிடித்தபடி ஆற விடுங்கள். சாய்ந்து உட்கார்ந்தால் மறுபடி சூடாக்கித்தான் நிமிர்த்த முடியும்.