‘சைக்கடெலிக்’குக்கு எந்தச் சொல்? உளத்தேறலா, உளங்காட்டியா?

கீழக்கரையிலிருந்து:

நண்பர்களே, செவிலியர் மாணவிகளுக்கான மனநலப் பாடக்குறிப்பு வெள்ளிக்குள் அச்சுக்குப் போக வேண்டும். அதில் அமேசான் மக்களின் அயவாஸ்கா பற்றி ஒரு பக்கம். கொடியையும் இலையையும் சேர்த்துக் காய்ச்சுகிற கஷாயம். இலையிலுள்ள டிஎம்டி என்ற வேதிப்பொருளைக் குடலிலுள்ள நொதி சிதைத்துவிடும். கொடியிலுள்ள ஹார்மின் அந்த நொதியைத் தடுக்கிறது. குடித்தவர்களிடம் விரிசிந்தனை (ஒரு கேள்விக்குப் பல விடை தேடுவது) கூடி, குவிசிந்தனை (ஒரே சரியான விடைக்கு வருவது) குறைந்தது என்று 2016இல் ஓர் ஆய்வு வந்தது. இப்படி எண்ணத்தையும் உணர்வையும் மாற்றும் பொருள்களைக் குறிக்கும் ‘சைக்கடெலிக்’குக்கு என்ன போடலாம்? ‘மயக்கமூட்டி’ வேண்டாம். நினைவு தப்பிக் கிடப்பது என்றே பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள்.

தொண்டியிலிருந்து:

அம்மா, மனநல மருத்துவர் ஹம்ஃப்ரி ஓஸ்மண்ட் 1956இல் கிரேக்க வேர்களிலிருந்து அமைத்த சொல் அது. மனத்தைப் புலப்படுத்துவது என்று பொருள். நம்மிடம் ‘தேறல்’ இருக்கிறதே! தேறுதல் என்றால் தெளிதல். தெளிந்த கள் தேறல். காய்ச்சல்காரர் தேறிவிட்டார் என்பதும் அதே வேர்தான். ‘உளத்தேறல்’ என்போம். கஷாயம் வடசொல், சித்த மருத்துவத்தில் ‘குடிநீர்’ இருக்கிறது.

மண்டபத்திலிருந்து:

ஐயா, தேறல் அழகான சொல். ஆனால் இதே வகையில் காளானும் உண்டு, அதைத் தேறல் என்பதா? ‘உளங்காட்டி’ இரண்டுக்கும் பொருந்தும். குடிநீர் நம் கடற்கரையில் ஆகவே ஆகாது. இங்கே குடிநீர் என்றால் லாரிக்குக் குடத்தோடு காத்திருப்பதுதான். கஷாயமே இருக்கட்டும்.

எனக்கு அதைவிடக் கவலை, பாடக்குறிப்பின் அடுத்த பத்தியில் ‘ஒத்துணர்வு’ என்று எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டிருப்பது. பிறர் மனநிலையை அறிவது வேறு, அவரோடு சேர்ந்து நாமும் உணர்வது வேறு. ஆய்வாளர்கள் தனித்தனியாகவே அளக்கிறார்கள். முதலாவதற்குக் ‘குறிப்பறிதல்’ போடுங்கள். வள்ளுவர் அந்தத் தலைப்பைப் பொருட்பாலிலும் வைத்தார், காமத்துப்பாலிலும் வைத்தார். கரையேறுகிற ஆளின் முகத்தைப் பார்த்தே அன்றைய மீன்பாடு என்னவென்று வீட்டுக்காரி சொல்லிவிடுவாளே, அதுதான். ஏர்வாடி தர்காவில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் மனநோயாளி முன்னால் நம் பிள்ளைகளுக்கு முதலில் வேண்டியதும் அதுதான்.

பாம்பனிலிருந்து:

குறிப்பறிதலுக்கு என் ஆதரவு. ‘உளங்காட்டி’ மட்டும் உறுத்துகிறது. திசைகாட்டி மாதிரி ஏதோ கருவி என்று நினைப்பார்கள். ‘சைக்கடெலிக்’ என்றே விட்டால் என்ன?

கீழக்கரையிலிருந்து:

சரி, கஷாயம், குறிப்பறிதல் இரண்டும் உறுதி. ‘உளங்காட்டி’க்கும் ஆதரவு இருக்கிறது, ‘சைக்கடெலிக்’குக்கும் இருக்கிறது. சொல் முதலில் வரும் இடத்தில் இரண்டையும் சேர்த்து எழுதி அச்சுக்கு அனுப்புகிறேன்.

தொண்டியிலிருந்து:

அனுப்புங்கள் அம்மா. தேறலை நான் விடுவதாயில்லை. காளானை ஊறவைத்துக் குடிப்பவர்களும் உண்டு. விரிவாக நாளை எழுதுகிறேன்.