கிள்ளானில் வீடு, கேஎல்லில் வேலை: சொந்தக் குதிரை சரிப்பட்டு வருமா?

கவிதா_கிள்ளான்:

வணக்கம். வீடு கிள்ளானில், வேலை கோலாலம்பூரில் (கேஎல்), கேஎல்சிசி பக்கம் ஓர் ஆடிட் நிறுவனத்தில். காலை ஆறுக்குக் கிளம்பினால் இரவு எட்டு, எட்டரைக்குத்தான் வீடு. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை சனிக்கிழமையும் ஆபீஸ்தான். நடை, ஓட்டம், பாய்ச்சல் மூன்றிலும் தனியாகச் சவாரி செய்யத் தெரியும், சின்னத் தடைகளும் தாண்டுவேன்.

இப்போது ஒன்பது வயது தரோபிரெட் (பந்தயக் குதிரை இனம்) ஒன்று விலைக்கு வருகிறது. பந்தயத்திலிருந்து நிறுத்திச் சில மாதம்தான் ஆகிறது, விலை குறைவு. கட்டுவதற்கு இரண்டு இடம் பார்த்திருக்கிறேன். ஒன்று உலு லங்காட்டில், சைஸ் (குதிரைப் பராமரிப்பாளர்) வைத்து முழுப் பராமரிப்பும் செய்யும் லாயம். இன்னொன்று பந்திங்கில் மாமாவின் நிலம். செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்கு நடுவே இரண்டு ஏக்கர், வேலி உண்டு, பகலில் வேலையாள் வந்து புல் வெட்டிப் போடுவார். செலவு பாதிகூட ஆகாது.

வாரத்தில் குறைந்தது எத்தனை நாள் நான் போக வேண்டும்? சைஸ் பார்ப்பது எது, நான் பார்க்க வேண்டியது எது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சேணக்கட்டு:

தங்கச்சி, எத்தனை நாள் சவாரின்னு கணக்குப் போடுறதை முதல்ல விடுங்க. நீங்க வராத நாள்ல காலையில, சாயந்திரம், ராத்திரி மூணு நேரமும் அந்தக் குதிரையைத் தொட்டுப் பார்க்கிற ஆள் யாரு? அதுக்குப் பதில் இருந்தா மத்ததெல்லாம் சமாளிக்கலாம்.

அதனாலதான் பந்திங் வேண்டாம்னு சொல்றேன். குதிரை கூட்டமா வாழுற பிராணி. தனியா விட்டா வேலி ஓரமாவே நடந்து நடந்து எடை இறங்கும், சத்தம் கேட்டா மிரண்டு வேலியில மோதும். வேலையாள் அஞ்சு மணிக்குப் போயிட்டா மறுநாள் காலை வரைக்கும் யாரும் இல்ல. வயிற்று வலி ராத்திரி எட்டுக்கு ஆரம்பிச்சா விடியறதுக்குள்ள கதை முடிஞ்சிடும். செம்பனைத் தோட்டத்துல களைக்கொல்லி அடிக்கிறது வழக்கம். எந்த வரிசையில எப்போ அடிச்சாங்கன்னு தெரியாம அங்கேயே புல் வெட்டிப் போடுறதும் ஆபத்து.

உலு லங்காட் நல்ல இடம்தான், ஆனா உங்களுக்குத் திசை தப்பு. வீடு மேற்கே, லாயம் கிழக்கே. ஆபீஸ் முடிஞ்சு அங்கே போய்ட்டு கிள்ளான் திரும்பணும்னா கேஎல் முழுக்கக் கடக்கணும். ரெண்டு மாசம் போவீங்க, அப்புறம் புதன்கிழமை தானா விட்டுப்போயிடும். ஆபீஸுக்கும் வீட்டுக்கும் நடுவுல இருக்கிற லாயமாப் பாருங்க. ஷா ஆலம், புக்கிட் கியாரா பக்கம் விசாரிங்க. மாசக் கட்டணம் கொஞ்சம் கூடினாலும் பெட்ரோல், டோல், நேரம் எல்லாம் சேர்த்தா அதுதான் மலிவு.

இன்னொண்ணு, நம்ம ஊர்ல சூரியன் வருஷம் முழுக்க ஏறக்குறைய ஏழுக்கும் ஏழரைக்கும் நடுவுலதான் உதிக்கும். மறையறதும் சாயந்திரம் அதே நேரம்தான். அதனால வேலைக்கு முன்னாடி சவாரிங்கிறது இருட்டுல, வேலை முடிஞ்சு சவாரிங்கிறதும் இருட்டுல. விளக்கும் கூரையும் உள்ள மைதானம் இல்லாத லாயத்துல வார நாள் சவாரியே கிடையாதுன்னு வச்சுக்குங்க. கூரை எதுக்குன்னா மழை. ஏப்ரல், அக்டோபர், நவம்பர்ல பிற்பகல் இடிமழை சாயந்திரம் வரைக்கும் இழுக்கும். இடிச்சத்தம் கேட்டா திறந்த மைதானத்துல ஏறக்கூடாது, கடைசி இடிக்கப்புறம் அரை மணி நேரம் பொறுக்கணும். அந்த நாளோட நேரம் அதோட போச்சு.

உங்க வாரம் இப்படி இருக்கலாம்: சனி, ஞாயிறு காலை நீங்க. புதன் ராத்திரி ஏறாம, துலக்கி, குளம்பு பார்த்து, கையில பிடிச்சு இருபது நிமிஷம் நடத்துங்க. செவ்வாய், வியாழன் பயிற்சியாளர் ஏறட்டும். வெள்ளி சைஸ் நீளக் கயிற்றுல சுத்த விடட்டும். திங்கள் ஓய்வு. ஓய்வு நாள் உட்பட தினமும் ரெண்டு மூணு மணி நேரமாவது திறந்த வெளியில விடணும். இதை வாய்ச்சொல்லா விடாம ஒப்பந்தத்துல எழுதி வாங்குங்க.

குளம்பும்_புல்லும்:

மேலே சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். வார நாளெல்லாம் கொட்டிலில் நின்ற குதிரையை ஞாயிறன்று ஒரு மணி நேரம் பாய்ச்சலில் விரட்டினால் இரண்டு இடத்தில் அடி விழும். ஒன்று, கால் தசைநார். மற்றது, தொடைத் தசை இறுகி, குதிரை நடக்க முடியாமல் நின்று, சிறுநீர் கறுத்துப் போகும் நிலை. வேலை இல்லாத நாளிலும் முழு அளவு தானியத்தைக் கொட்டுவதுதான் இதற்கு முக்கியமான காரணம். ஓய்வு நாளில் தானியத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள், புல்லைக் குறைக்கக்கூடாது. ஒரு வேளைக்கு 2 கிலோவுக்கு மேல் தானியம் எப்போதுமே வேண்டாம்.

தீனியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வேலைக்குப் போகிறவர்கள் கண்ணில் படாமல் கெடுவது இதுதான். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் உலர்தீனி வேண்டும், அதாவது ஏழரை முதல் பத்து கிலோ. இங்கே லாயங்களில் போடும் நேப்பியர் புல்லில் நீர்தான் பெரும்பங்கு, உலர்பொருள் 15 முதல் 20 சதவீதம்தான். புல்லை மட்டும் நம்பினால் தினம் ஏறக்குறைய ஐம்பது கிலோ போட வேண்டும், யாரும் போடுவதில்லை. ஐந்தரைக் கிலோ உலர்புல், 25 கிலோ பச்சைப்புல் என்று கலந்தால் கணக்குச் சரியாக வரும். முதல் முறை போகும்போது ஒரு தராசு எடுத்துப்போய், சைஸ் வழக்கமாகப் போடும் ஒரு கட்டுப் புல்லை நிறுத்துப் பாருங்கள். கையளவும் நிறையும் எவ்வளவு வேறுபடுகிறது என்று தெரியும்.

நேப்பியரில் ஆக்சலேட் என்ற உப்பு அதிகம். அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குதிரைக்குக் கிடைக்காது. அதோடு அரிசித் தவிடும் சேர்ந்தால் பாஸ்பரஸ் கூடி நிலைமை இன்னும் மோசமாகும். எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரைந்து, மூக்கெலும்பும் தாடையும் இருபுறமும் தடித்து, இன்று ஒரு கால் நாளை ஒரு கால் என்று மாறி மாறி நொண்டும். மாதக்கணக்கில் மெதுவாக வருவதால் தினம் பார்ப்பவர்களுக்கே தெரியாது. தவிட்டை நிறுத்தி, தினம் ஒன்று முதல் இரண்டு கிலோ லூசர்ன் (குதிரைமசால்) உலர்புல் சேருங்கள். அதற்கு மேல் எவ்வளவு தாது உப்பு வேண்டும் என்பதை மருத்துவரிடம் கணக்கிட்டு வாங்குங்கள். நம் ஆட்கள் உடனே கொள்ளு வேகவைத்துப் போடு என்பார்கள். கொள்ளு நல்ல புரதம்தான், ஆனால் இந்தக் குறையை அது நிரப்பாது.

புல் முற்றித் தண்டு தடித்திருந்தால் குடலில் அடைக்கும். வெட்டிய புல்லைக் குவியலாக விட்டால் உள்ளே சூடேறிப் புளிக்கும். அன்றன்று வெட்டி அன்றே போட வேண்டும்.

கடைசியாக, இரவு. குதிரையின் இரைப்பையில் எந்நேரமும் அமிலம் சுரக்கும். மாலை ஐந்துக்குப் போட்டதை ஏழுக்குள் தின்றுவிட்டு மறுநாள் காலை ஏழு வரை வெறும் வயிற்றோடு நின்றால் புண் வரும். இரவு ஒன்பது பத்துக்கு இன்னொரு முறை உலர்புல் போட ஆள் லாயத்திலேயே தங்கியிருக்கிறாரா என்று கேளுங்கள். மூன்று நான்கு சென்டிமீட்டர் கண்ணுள்ள வலையில் கட்டித் தொங்கவிட்டால் மெதுவாகத் தின்னும், நேரம் நீடிக்கும்.

கவிதா_கிள்ளான்:

ரொம்ப நன்றி. பந்திங்கை விட்டுவிட்டேன். அண்ணே, சைஸ் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம்? "நல்லா இருக்கு" என்று மட்டும் வாட்ஸ்அப்பில் வந்தால் எனக்கு ஒன்றும் புரியாது. ஆடிட் மாதங்களில் மீட்டிங்கில் இருக்கும்போது போனையும் எடுக்க முடியாது.

சேணக்கட்டு:

"எப்படி இருக்கு"ன்னு கேட்டா "நல்லா இருக்கு"ன்னுதான் பதில் வரும். படம் கேளுங்க. காலையில நாலு படம்: கொட்டில் தரை, தீனித் தொட்டி, தண்ணி வாளி, முன்னால இருந்து எடுத்த நாலு காலும். தரையில ராத்திரிச் சாணம் எத்தனை குவியல்னு தெரியும். ஒரு நாளைக்கு எட்டுலேருந்து பன்னிரண்டு சாதாரணம், பாதியாக் குறைஞ்சா அன்னைக்கே கவனிக்கணும். தானாத் தண்ணி ஊறுற தொட்டி இருக்கிற லாயத்துல குதிரை எவ்வளவு குடிச்சதுன்னு யாருக்கும் தெரியாது, அதனால 20 லிட்டர் வாளி ரெண்டு மாட்டச் சொல்லுங்க. சும்மா நிக்கிற குதிரையே நம்ம வெயிலுக்கு 30, 40 லிட்டர் குடிக்கும்.

சைஸ் மேல சந்தேகப்பட்டு இதைச் சொல்லல. நல்ல சைஸ் உங்களைவிடக் குதிரையை அறிவார். ஆனா ஒரு ஆள்கிட்ட பத்து குதிரை இருந்தா அவரால முடியாது. ஒருத்தருக்கு எத்தனை குதிரை, அவர் விடுப்புல போனா பதில் ஆள் யாருன்னு லாயத்துல கேளுங்க.

உங்க கையில இருக்க வேண்டியது: லாடம் அடிக்கிறவரை அஞ்சாறு வாரத்துக்கு ஒருமுறை பிடிக்கிறது, ஆறு மாசத்துலேருந்து வருஷத்துக்குள்ள ஒருமுறை பல் பார்க்கிறது, தடுப்பூசித் தேதி. குடற்புழு மருந்தைக் கண்ணை மூடிக் கொடுக்காம முதல்ல சாணத்துல முட்டை எண்ணிப் பார்க்கணும். எல்லாத்தையும் ஆபீஸ் காலண்டர்லயே போட்டு வைங்க. ஏப்ரல் வரைக்கும் உள்ளதை டிசம்பர்லயே தேதி குறிச்சிடுங்க.

வெட்_செர்டாங்:

போன் எடுக்க முடியாத உரிமையாளருக்கு ஒரே வழி, முன்கூட்டியே எழுதிக் கொடுத்த ஒரு பக்க அதிகாரக் கடிதம். கொட்டில் கதவிலும் லாய அலுவலகத்திலும் ஒட்டி வையுங்கள். இரண்டு மருத்துவர்களின் பெயர், எண். பதினைந்து நிமிடத்தில் உங்களைப் பிடிக்க முடியாவிட்டால் முடிவெடுப்பவர் யார். எத்தனை ரிங்கிட் வரை கேட்காமல் சிகிச்சை செய்யலாம். செர்டாங்கில் உள்ள யுபிஎம் (மலேசியப் புத்ரா பல்கலைக்கழகம்) கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் லாரி யாருடையது. அறுவை சிகிச்சைக்குச் சம்மதமா, இல்லையா. பிழைக்க வழியில்லை என்று மருத்துவர் சொன்னால் கருணைக் கொலைக்கு ஒப்புதல் உண்டா. கடைசி இரண்டையும் எழுதக் கை வராது, ஆனால் அமைதியான நேரத்தில் எழுதியே ஆக வேண்டும். உங்கள் கையெழுத்துக்காகக் குதிரை மணிக்கணக்கில் வலியில் துடிக்கக்கூடாது.

சைஸுக்குத் தெரிய வேண்டிய எண்கள்: உடல் வெப்பம் 37.2 முதல் 38.3 டிகிரி, இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. வயிற்று வலியில் துடிப்பு 60-ஐத் தாண்டினால் அவசரம். தீனியை எடுத்துவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும். புரண்டால் மெதுவாக நடத்தலாம், மணிக்கணக்கில் இழுத்துச் சோர வைக்கக்கூடாது. மருத்துவர் சொல்லாமல் வலி ஊசி போடவே கூடாது. வலி அடங்கும், குடல் முறுக்கியது முறுக்கியபடியே இருக்கும், நேரம் கடந்துபோகும்.

வெயில் பற்றி. இரவில் குளிர்ச்சி என்று நினைத்து வேகமாக ஓட்டுகிறார்கள். வெப்பத்தை ஃபாரன்ஹீட்டில் எடுத்து ஈரப்பத சதவீதத்தோடு கூட்டிப் பாருங்கள். 150-ஐத் தாண்டினால் வியர்வை மட்டும் உடலைத் தணிக்கப் போதாது, 180-ஐத் தாண்டினால் வேலையே வேண்டாம். கேஎல்லில் இரவு 27 டிகிரி செல்சியஸ் என்பது ஏறக்குறைய 81 ஃபாரன்ஹீட். ஈரப்பதம் 85 என்றால் கூட்டுத்தொகை 166. ஆகவே இரவுச் சவாரியும் இலகுவாகத்தான் இருக்க வேண்டும். முடிந்ததும் உடல் முழுக்கத் தண்ணீரை நிறுத்தாமல் ஊற்றுங்கள்.

நீங்கள் பார்க்கும் குதிரை ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து வந்ததாக இருக்கக்கூடும். அப்படி வந்தவற்றில் சில, நம் தட்பவெப்பத்தில் வியர்க்கும் திறனையே இழந்துவிடும். வாங்குமுன் பிற்பகலில் இருபது நிமிடம் ஓட்டச் சொல்லி, சேணத்தை எடுத்துப் பாருங்கள். அடியில் உலர்ந்திருந்து, மூக்குத் துளை விரிந்து, அரை மணி கழித்தும் மூச்சு இளைத்தால் அந்தக் குதிரை உங்களுக்கு ஆகாது. மின்விசிறி, தண்ணீர், நேரம் பார்த்த வேலை என்று ஆள் கூடவே நிற்க வேண்டிய குதிரை அது.

பூச்சியையும் கவனியுங்கள். ஆப்பிரிக்கக் குதிரை நோய் 2020-இல் தாய்லாந்திலும், அதே ஆண்டு திரெங்கானுவிலும் வந்தது. அதைப் பரப்பும் சிறு கொசுப்பூச்சி அந்தி முதல் விடியல் வரை கடிக்கும், அதாவது நீங்கள் லாயத்துக்கு வரும் அதே நேரம். நுண்வலையும் மின்விசிறியும் உள்ள கொட்டிலாகப் பாருங்கள். அந்தப் பூச்சிக்குக் காற்றை எதிர்த்துப் பறக்கத் தெம்பு கிடையாது.

ஈப்போ_மணி:

மற்றவர்கள் எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்கிறார்கள். நான் இந்த வருஷம் வாங்கவே வேண்டாம் என்பேன். பந்தயத்திலிருந்து புதிதாக நின்ற குதிரைக்கு ஓட மட்டும்தான் பழக்கம். திரும்ப, நிற்க, காலால் கொடுக்கும் சைகையை ஏற்க எல்லாம் புதிதாகக் கற்க வேண்டும். அதற்கு வாரம் நாலைந்து நாள் ஒரே கை வேண்டும், உங்களிடம் இல்லாதது அதுதான். விலை குறைவாக இருப்பதற்கும் காரணம் அதுவே. ஹாஃப் லீஸ் எடுங்கள், அதாவது இன்னொருவர் குதிரையைப் பாதிப் பங்காகக் குத்தகைக்கு. பன்னிரண்டு வயதுக்கு மேல், பழகிய குதிரை, வாரம் மூன்று நாள் உங்களுடையது. ஒப்பந்தத்தில் எந்தெந்த நாள், லாடச் செலவில் யார் பங்கு எவ்வளவு, உங்கள் நாளில் காலில் அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது, நொண்டும் மாதம் கட்டணம் உண்டா, எத்தனை வார முன்னறிவிப்பில் விலகலாம் என்று எழுத வேண்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஒரு நாளாகக் குறைக்கும் உரிமையையும் கேளுங்கள். பல உரிமையாளர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

சேணக்கட்டு:

மணி சொல்றது சரி, ஒரு திருத்தம் மட்டும். லீஸ் எடுக்கிறதா இருந்தா மே மாசத்துல ஆரம்பிக்காதீங்க தங்கச்சி. வேலை குறைஞ்ச மாசத்துல எல்லாமே சுலபமாத் தெரியும். ஜனவரியில ஆரம்பிச்சு ஏப்ரல் வரைக்கும் ஓடுதான்னு பாருங்க.

கவிதா_கிள்ளான்:

சரி அண்ணே, ஜனவரியிலேயே லீஸ். அப்படியும் பிறகு வாங்குவதாக இருந்தால் என்னென்ன பரிசோதனை கேட்க வேண்டும்?

வெட்_செர்டாங்:

விற்பவருக்கு வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரை அழைக்காதீர்கள், வேறொருவரை வரவழையுங்கள். கெட்டியான தரையில் நேராகவும் வட்டமாகவும் ஓட்டிப் பார்ப்பது, மூட்டை மடக்கிப் பிடித்து விட்டதும் ஓட்டிப் பார்ப்பது, முன்னங்கால் இரண்டுக்கும் எக்ஸ்ரே, தசைநாருக்கு ஸ்கேன், இதயமும் மூச்சும் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும், பல், கண். இரத்தத்தில் பைரோபிளாஸ்மோசிஸ், சர்ரா என்ற இரண்டு ஒட்டுண்ணி நோய்களையும் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொரு குழாய் இரத்தத்தைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். வாங்கிய சில வாரத்தில் நொண்ட ஆரம்பித்தால், பரிசோதனை நாளில் வலி மருந்து கொடுத்திருந்தார்களா என்று அதில் பார்க்கலாம். குதிரையின் மைக்ரோசிப் எண்ணும் அதன் பாஸ்போர்ட்டில் (அடையாளப் புத்தகத்தில்) உள்ள எண்ணும் ஒன்றா என்று உங்கள் கண்ணாலேயே சரிபாருங்கள்.