மதியமானால் முதல் கியர் விழவில்லை, கிளட்ச் செட் மாற்றணுமா?

கேள்வி:
வணக்கம். ஆறு சக்கர லாரி, சொந்த வண்டி, நானேதான் ஓட்டுகிறேன். காலையில் எந்தத் தொந்தரவும் இல்லை. மதியத்துக்கு மேல் சிக்னலில் நின்றால் முதல் கியர் விழுவதில்லை. ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று பல் உரசுகிறது. பெடலை இரண்டு மூன்று தடவை மிதித்தால் விழுந்துவிடும். பட்டறையில் கியர்பாக்ஸை இறக்கி கிளட்ச் செட்டையே மாற்றச் சொல்கிறார்கள். செட் போட்டு எட்டு மாதம்தான் ஆகிறது. வண்டி நின்றால் டியூ கட்ட முடியாது.

பதில்:
தம்பி, இப்போதே கியர்பாக்ஸை இறக்க விடாதீர்கள். லோடோடு மேடு ஏறும்போது இன்ஜின் மட்டும் இரைந்து வண்டி இழுக்காமல் இருக்கிறதா? கருகல் வாடை? இன்ஜினை அணைத்துவிட்டுப் போட்டால் கியர் விழுகிறதா?

கேட்டவர்:
அண்ணே, போன வாரம்தான் சேலத்திலிருந்து முழு லோடோடு தோப்பூர் கணவாய் ஏறினேன். இழுவையில் குறையே இல்லை, வாடையும் இல்லை. இன்ஜினை அணைத்தால் எல்லா கியரும் சத்தமில்லாமல் விழுகிறது.

பதில்:
அப்படியானால் கிளட்ச் பிளேட் நன்றாகப் பிடிக்கிறது, பெடலை மிதித்தால் முழுசாக விடவில்லை, அவ்வளவுதான். தேய்ந்த பிளேட் மேட்டில் நழுவும். மிதிக்க மிதிக்கச் சரியாகிறது என்றால் கிளட்ச் ஆயில் போகிற லைனில் காற்று இருக்கும், இல்லையென்றால் பெடலை மிதிக்கும்போது அந்த ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் போயிருக்கும். பெடலுக்கு மேலே புஷ் ராடு, அதாவது தள்ளுகிற கம்பி, மாஸ்டருக்குள்ளே போகிற இடத்தில் ரப்பர் உறையை விலக்கி, ஆயில் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கீழே, அந்த ஆயில் அழுத்தத்தில் கிளட்சை விடுவிக்கிற ஸ்லேவ் சிலிண்டரின் உறையையும் பாருங்கள். பிறகு இன்ஜினை அணைத்து, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, ஒருவரைப் பெடலை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். வெளியே வந்த ஸ்லேவ் ராடு மெல்லப் பின்வாங்கினால் பிரஷர் எங்கோ போகிறது.

இன்னொருவர் பதில்:
வெளியே ஒரு சொட்டு கசியாமலும் இது வரும். மாஸ்டருக்குள்ளேயே ஆயில் ரப்பரைத் தாண்டித் திரும்பிவிடும், டப்பாவில் லெவல் குறையாது. அப்புறம், அவசரத்துக்குக்கூட இன்ஜின் ஆயில் ஊற்றிவிடாதீர்கள். ரப்பர் ஊதிவிடும். மேனுவலில் சொன்ன பிரேக் ஆயில் மட்டும்தான்.

கேட்டவர்:
பார்த்துவிட்டேன் அண்ணே. உறை இரண்டும் காய்ந்துதான் இருந்தது, ஆனால் ராடு கண் முன்னாலேயே பின்வாங்கியது. மாஸ்டரைக் கழற்றினால் ரப்பரின் உதடு ஒரு பக்கம் கிழிந்திருந்தது. புதுசு போட்டு, காற்றெடுக்கிற நிப்பிளில் டியூப் மாட்டி, குமிழ் நிற்கும்வரை காற்றெடுத்தோம். அரை நாள் வேலை. இன்று மதியம் இரண்டு மணி வெயிலில், ஓடிவந்த சூட்டோடு ரிவர்ஸ் போட்டேன். ஒரே மிதியில் விழுந்தது. ரொம்ப நன்றி.