சைக்ளோன் டெய்லர்: காசுக்கு ஓடியவரா, காசு கேட்கத் தெரிந்தவரா?

கணக்கன்:
ஐஸ் ஹாக்கியின் முதல் பெரிய நட்சத்திரம் என்று ஃபிரெட் 'சைக்ளோன்' டெய்லரைக் கொண்டாடுகிறார்கள். அவர் போன வழியைப் பாருங்கள்: ஒன்டாரியோ, மனிடோபா, மிச்சிகன், ஒட்டாவா, ரென்ஃப்ரூ, கடைசியில் வான்கூவர். 1909இல் ஒட்டாவா அணியோடு கனடாவின் உச்ச ஹாக்கிப் பரிசான ஸ்டான்லி கோப்பையை வென்றார். அந்த ஆண்டு முடிவதற்குள் ரென்ஃப்ரூ என்ற சின்ன ஊரின் சுரங்க முதலாளி ஒப்ரையன் பணத்தைக் காட்டினார், இவரும் போய்விட்டார். 12 ஆட்டங்களுக்கு 5,250 டாலர்! பேஸ்பால் நட்சத்திரம் டை காப் 154 ஆட்டங்கள் கொண்ட பருவம் ஆடியவர். ஓர் ஆட்டத்துக்கு இவ்வளவு அன்று அவருக்கும் கிடைக்கவில்லை. ஆனால் 1910 கோப்பை மான்ட்ரியல் வாண்டரர்ஸுக்குப் போனது, அடுத்த ஆண்டோடு ரென்ஃப்ரூ அணியே கலைந்தது. விளையாட்டு ஏலக்கடையானது இவரிடமிருந்துதான்.

நாணல்:
கணக்கன் ஐயா, ஒன்டாரியோவை விட்டு அவராகப் போனாரா? டொரான்டோ மார்ல்பரோஸ் அணிக்கு வா என்றார்கள். சொந்த ஊரான லிஸ்டவலை விட்டு வரமாட்டேன் என்றார். உடனே மாகாண ஹாக்கி சங்கத்தின் செயலாளர் ஹியூவிட், ஒன்டாரியோவில் எங்குமே ஆடக்கூடாது என்று தடுத்துவிட்டார். ஒரு பருவம் முழுக்க வீணானது. அதன்பிறகுதான் மனிடோபா, அங்கிருந்து மிச்சிகனின் செம்புச் சுரங்க ஊரான ஹௌட்டன். வீரருக்கு வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்த முதல் ஹாக்கி லீக் அங்கேதான் நடந்தது. காசு வாங்குவது பாவம் என்று உபதேசித்த அமெச்சூர் கனவான்கள், டிக்கெட் காசை எண்ணாமலா இருந்தார்கள்?

கணக்கன்:
தடைக்கதை சரி. ரென்ஃப்ரூவுக்குப் போனபோது அவர் பட்டினியாகவா இருந்தார்? ஒட்டாவாவில் குடிவரவுத் துறையில் எழுத்தர் வேலை கையில் இருந்தது. அதைக்கூட அணிக்காரர்கள்தான் பிடித்துக் கொடுத்தார்கள்.

நாணல்:
ரென்ஃப்ரூ கலைந்தபிறகு நடந்ததையும் சொல்லுங்கள். இவரை யாரும் கேட்காமலே வாண்டரர்ஸ் அணிக்கு ஒதுக்கிவிட்டார்கள். மாட்டேன் என்று ஒட்டாவாவிலேயே இருந்துவிட்டார். அதற்கும் தண்டனை, அந்தப் பருவமும் போனது. முதலாளி வீரரைக் கைமாற்றினால் நிர்வாகம், வீரர் தானே போனால் துரோகமா?

வடதுருவம்:
இருவரும் சம்பளத்தையே பேசுகிறீர்கள். ஆட்டத்தைக் கொஞ்சம் பாருங்கள். அன்று ஓர் அணிக்கு ஏழு பேர். மாற்று ஆள் இறங்குவது அரிது. 'பக்' எனும் ரப்பர் வட்டை முன்னால் நிற்கும் சக வீரருக்குத் தள்ளக்கூடாது, சுமந்துகொண்டே போகவேண்டும். அதனால் சறுக்கும் வேகமே எல்லாம். வான்கூவரில் அவர் ஆடிய இடம் 'ரோவர்', அதாவது அரங்கம் முழுக்கத் திரியும் ஏழாவது ஆள். இன்றைய ஆட்டத்தில் அப்படி ஓர் இடமே கிடையாது. பாட்ரிக் சகோதரர்கள் தொடங்கிய பசிபிக் கடற்கரை லீக்கில் ஐந்து முறை வீரர்களின் புள்ளிப்பட்டியலில் முதலிடம். 1917-18இல் 18 ஆட்டங்களில் 32 கோல். 1915 இறுதிப்போட்டியில் பழைய ஒட்டாவாவையே 6-2, 8-3, 12-3 என்று வான்கூவர் துவைத்து அனுப்பியது. மேற்குக் கடற்கரைக்குக் கோப்பை போனது அதுவே முதல்முறை. (பின்னோக்கிச் சறுக்கியபடி கோல் அடிப்பேன் என்று சவால்விட்ட கதையை யாரும் ஆரம்பிக்கவேண்டாம். அது உண்மையில் நடந்ததா என்று நூறு ஆண்டுகளாகச் சண்டை நடக்கிறது.)

ஸ்கார்பரோக்காரன்:
அந்தக் குடிவரவு வேலையை ஏதோ உபரி வருமானம்போலத் தாண்டிப் போகிறீர்களே. 1914 மே மாதம் 'கோமகட்டா மாரு' கப்பல் 376 இந்தியர்களோடு வான்கூவர் துறைக்கு வந்தது. பெரும்பாலோர் சீக்கியர்கள். அதில் முதலில் ஏறிய கனேடிய அதிகாரி இதே டெய்லர். சொந்த நாட்டிலிருந்து வழியில் எங்கும் நிற்காமல் நேராக வரவேண்டும் என்ற இடைநில்லாப் பயணச் சட்டத்தைக் காட்டி இரண்டு மாதம் கடலிலேயே நிறுத்திவைத்துத் திருப்பி அனுப்பினார்கள். கல்கத்தா அருகே பட்ஜ் பட்ஜில் இறங்கியபோது துப்பாக்கிச் சூட்டில் பலர் இறந்தார்கள். 2010இல் 492 தமிழர்களோடு 'சன் சீ' கப்பல் அதே பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துக்கு வந்தபோது கேட்ட பேச்சு நினைவிருப்பவர்களுக்கு இது வெறும் பழங்கதை அல்ல.

நாணல்:
உத்தரவு மேலிருந்து வந்தது அண்ணா. வான்கூவர் அலுவலகத்தை நடத்தியவர் மால்கம் ரீட், அரசியல் பக்கம் நின்று தூண்டியவர் ஸ்டீவன்ஸ் எம்.பி. டெய்லர் அவர்களுக்குக் கீழே ஓர் அலுவலர்.

ஸ்கார்பரோக்காரன்:
நீங்கள் சொன்னதையே திருப்பிக் கேட்கிறேன், தம்பி. ஹியூவிட் சொன்ன அணிக்குப் போகமாட்டேன் என்றவர், வாண்டரர்ஸுக்கும் மாட்டேன் என்றவர், இந்த உத்தரவுக்கு மட்டும் தலையாட்டினார். அதே துறையில் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கும் யூகோனுக்கும் ஆணையராக உயர்ந்தார், 1946இல் அரச விருதும் பெற்றார். ஆட்டக்காரர் என்ற முறையில் அவர் கேட்ட உரிமை நியாயம். விரும்பிய ஊருக்குப் போகும் அதே உரிமையைக் கேட்டவர்கள்தான் அந்தக் கப்பலில் இருந்தார்கள்.

வடதுருவம்:
அப்படியானால் வான்கூவர் கனக்ஸ் அணி தன் சிறந்த வீரருக்குக் கொடுக்கும் டெய்லர் விருதின் பெயரை மாற்றவேண்டுமா?

ஸ்கார்பரோக்காரன்:
அப்படிச் சொல்லவில்லை. 1914 என்று எழுதும்போது புள்ளிப்பட்டியலில் முதலிடம் என்பதோடு நிறுத்தாதீர்கள், கப்பலையும் எழுதுங்கள்.

கணக்கன்:
தலைப்புக்கு வாருங்கள். கோப்பை வாங்கித் தராத 5,250 டாலருக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

நாணல்:
அது ஒப்ரையனின் வெள்ளிச் சுரங்கப் பணம். உங்கள் சேமிப்பா, ஐயா?