புதுப்பிப்பு: ஹரிக்கேனில் வெளுத்துப்போன மேட் பூச்சு சரியாகிவிட்டது

போன மாதம் கேட்டிருந்தேனே, ஹரிக்கேன் போர் விமானத்தின் 1/48 அளவு பிளாஸ்டிக் மாடலுக்குக் கடைசியாக லாக்கர் மேட் வார்னிஷ் (பளபளப்பில்லாத மேல்பூச்சு) அடித்ததும் இறக்கை முழுக்கத் திருநீறு பூசியது போல வெளுத்துவிட்டதென்று. பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி.

வேலை செய்தது ரிட்டார்டர் (காய்வதை மெதுவாக்கும் திரவம்) கலந்த தின்னர்தான், அதைச் சொன்ன அண்ணாவுக்கு ஒரு பிளேன்டி கடன். ஹெயார் டிரையர் ஒன்றும் செய்யவில்லை. தின்னர் சட்டென்று ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றிலுள்ள ஈரம் பூச்சுக்குள் மாட்டிக்கொள்கிறது. வெள்ளவத்தையில் மழை பெய்கிற பின்னேரம் பல்கணியில் நின்று அடித்தால் வேறென்ன நடக்கும்! மெதுவாக ஆவியாகும் அந்தத் தின்னரை மட்டும், வேறெதுவும் கலக்காமல், ஏர்பிரஷ்ஷால் மெல்லிசாக இரண்டு தரம் விட்டேன். பூச்சு இளகி, ஓரத்திலிருந்து உள்நோக்கி வெள்ளை கரைந்து, கடும்பச்சையும் மண்ணிறமும் கண்முன்னாலேயே திரும்பி வந்தன.

எதிர்பாராதது இரண்டு. மேட் போய்ப் பாதிப் பளபளப்பாகிவிட்டது, இடது இறக்கையில் ஒட்டியிருந்த விமானப்படை வட்டச்சின்னத்தின் ஓரமும் சுருங்கிவிட்டது, இரண்டாம் தரம் கொஞ்சம் ஈரமாக விட்டது என் பிழை. அப்புறம் ஏசி அறையில் மாஸ்க் போட்டு, அங்கேயே வைத்து மேட் அடித்தேன். குளிர்ந்த பிளாஸ்டிக்கை வெளியே கொண்டுவந்தால் திரும்பவும் ஈரம் படியும்.

சுருங்கிய ஓரத்தை அப்படியே விட்டுவிட்டேன். 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது நம் ரேஸ்கோர்ஸிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் விமானப்படையின் 258ஆம் ஸ்குவாட்ரன் விமானம் இது, அன்றைக்குப் பட்ட அடிக்கு இது எம்மாத்திரம்.