நீண்ட வேலையின் முடிவில் எக்ஸ் அச்சு 1.5 மில்லிமீட்டர் விலகிவிடுகிறது: காரணத்தை எங்கே தேடுவது?

தெம்பனிஸ் தச்சன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில், சமையலறையை ஒட்டித் துணி காயப்போடும் இடத்தில், கடந்த ஓராண்டாக ஒரு சிறிய சிஎன்சி ரூட்டரை (கணினி சொல்லும் பாதையில் மரத்தைச் செதுக்கும் இயந்திரம்) நானே கட்டி வருகிறேன். எக்ஸ், ஒய் அச்சுகளுக்கு 5 மில்லிமீட்டர் புரியிடை கொண்ட பால் ஸ்குரூவும் (சுழற்சியை நேர்நகர்வாக்கும் திருகுதண்டு), படிப்படியாகச் சுழலும் நீமா 23 ஸ்டெப்பர் மோட்டார்களும், அவற்றை இயக்கும் டிஎம்542 வகை டிரைவர்களும் போட்டிருக்கிறேன். அவற்றுக்கு 36 வோல்ட் மின்வழங்கி. இசட் அச்சுக்கு மட்டும் ஒரு நீமா 17 மோட்டார்; அதை சிஎன்சி ஷீல்டிலேயே செருகிய ஏ4988 டிரைவர், தனி 24 வோல்ட்டில், இயக்குகிறது. மூளை ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை (சிஎன்சி ஷீல்டு அதன் மேல் செருகும் துணைப் பலகை), அதில் அச்சுகளை நகர்த்தும் ஜிஆர்பிஎல் 1.1 நிரல். பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டில் தண்ணீரால் குளிர்விக்கப்படும் 1.5 கிலோவாட் வகை. அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டி வழியாக ஓடுகிறது.

அம்மாவின் பூசையறைக் கதவுக்காக மெராந்திப் பலகையில் ஒரு தாமரையைப் புடைப்பாகச் செதுக்கிக்கொண்டிருக்கிறேன். மரத்தைப் பெருமளவு நீக்கும் முதல் வெட்டான பருவெட்டு எப்போதும் சரியாக முடிகிறது. ஆனால் எக்ஸ் திசையில் 150 மில்லிமீட்டர் நீளத்துக்கு இடமும் வலமுமாக, 0.25 மில்லிமீட்டர் இடைவெளியில் 480 வரிகள் ஓடும் நுண்வெட்டு முடிந்ததும், பிட்டைத் தொடக்கப் புள்ளிக்குத் திருப்பி அனுப்பினால் அது ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர் வலப்பக்கம் தள்ளி நிற்கிறது. மூன்று பலகைகளிலும் இதே திசை, இதே அளவு. இசட் அச்சில் எந்தப் பிழையும் இல்லை.

டிரைவரின் மின்னோட்டத்தை 2.84 ஆம்பியரிலிருந்து 3.76 ஆம்பியருக்கு உயர்த்தினேன், முடுக்கத்தைப் பாதியாகக் குறைத்தேன், சிம் லிம் டவரில் புதிய கேபிள்கள் வாங்கி எல்லாவற்றையும் மாற்றினேன். மோட்டார்கள் கைவைக்க முடியாத அளவுக்குச் சூடாகின்றன என்பதைத் தவிர வேறு மாற்றமில்லை. அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு கூடாது என்பதால் சனிக்கிழமைப் பிற்பகலில் மட்டுமே இயந்திரத்தை ஓட்டுகிறேன். ஆகவே ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு வாரம் போய்விடுகிறது. எந்த வரிசையில் தேடுவது என்று வழிகாட்டுங்கள்.

மின்பொறி எழுதியது:

விஎஃப்டி இருக்கும் இயந்திரத்தில் என் முதல் சந்தேகம் மின்னிரைச்சலின் மேல்தான் விழும். ஸ்பிண்டிலுக்குப் போகும் கேபிளில் ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) உள்ளதா, அது ஸ்டெப்பர் கம்பிகளோடு ஒரே குழாயில் ஓடுகிறதா, சமிக்ஞைக் கேபிள்களின் ஷீல்டு கட்டுப்பாட்டுப் பெட்டியின் பக்கம் மட்டும் எர்த்துடன் இணைக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. இவ்வகை ஸ்பிண்டில்கள் பலவற்றில் நான்கு முனை இணைப்பானின் நான்காவது முனை உள்ளே எதனோடும் இணைக்கப்படாமல் வெறுமனே விடப்பட்டிருக்கும். விஎஃப்டியின் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, உள்ளேயுள்ள மின்தேக்கிகள் வடியச் சில நிமிடங்கள் காத்திருந்து, ஸ்பிண்டிலின் உலோக உடலுக்கும் மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளுக்கும் இடையே மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். ஓர் ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால், தாமரையை ஒத்திவைத்துவிட்டு முதலில் இதைச் சரிசெய்யுங்கள். தண்ணீர் ஓடும் உலோகத்தை வெறுங்கையால் தொட்டுப் பிட் மாற்றுகிறீர்கள், அதை இயக்குவது 230 வோல்ட்.

ஜூரோங் பட்டறை எழுதியது:

தம்பி, எர்த் பற்றி மேலே நண்பர் சொன்னதை இன்றே செய்துவிடுங்கள். விலகலுக்கு மட்டும் இரைச்சல் காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன். இரைச்சலால் நுழையும் பொய்த் துடிப்புக்கு இடமும் தெரியாது, வலமும் தெரியாது. மூன்று பலகைகளிலும் ஒரே திசையில் ஒரே அளவு பிழையை அது தராது. மின்னோட்டத்தையும் பழைய அளவுக்கே இறக்கிவிடுங்கள். திறன் போதாமல் மோட்டார் தடுமாறினால் பிழை சிறுகச் சிறுகச் சேராது, ஒரே இடத்தில் சடக்கென்று பெரிதாகத் தாவும்.

பட்டறையில் 28 ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் நான் முதலில் கேட்பது, பிழை எதோடு சேர்ந்து வளர்கிறது என்பதைத்தான். கடந்த தூரத்தோடு வளர்ந்தால் மில்லிமீட்டருக்கான படிகளின் கணக்கிலோ, மோட்டாரையும் ஸ்குரூவையும் இணைக்கும் கப்ளிங்கின் இறுக்கத்திலோ கோளாறு. நேரத்தோடு வளர்ந்தால் வெப்பத்தைச் சந்தேகிக்கலாம். திசை திரும்பும் எண்ணிக்கையோடு வளர்ந்தால் அது முற்றிலும் வேறு கதை. உங்கள் பருவெட்டு நீண்ட வளைவுகளாக ஓடியிருக்கும், அதில் திருப்பங்கள் குறைவு. நுண்வெட்டிலோ 480 வரிகள், அதாவது 240 முறை போய் வருதல்.

இந்தச் சனிக்கிழமை ஸ்பிண்டிலை இயக்காமல், பிட்டைக் கழற்றிவிட்டு, மேசையில் ஒரு டயல் கேஜைப் (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் அளவி) பொருத்தி இரண்டு சோதனைகள் செய்யுங்கள். முதலாவதில் எக்ஸ் அச்சை 0 முதல் 1 மில்லிமீட்டர் வரை 500 முறை போய் வரச் செய்யுங்கள். மொத்தத் தூரம் 1 மீட்டர்தான். இரண்டாவதில் 0 முதல் 200 மில்லிமீட்டர் வரை 20 முறை. இதில் மொத்தத் தூரம் 8 மீட்டர். நீண்ட ஓட்டத்தில் கேஜை இடித்துவிடாமல் இருக்க, தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் அதை அருகில் கொண்டுவந்து அளவெடுங்கள். முதல் சோதனையைப் பாதி வேகத்தில் இன்னொரு முறையும் ஓட்டுங்கள். டிரைவரின் நுண்படி அமைப்பு எவ்வளவு, அதாவது மோட்டாரின் ஒரு சுற்றை அது எத்தனை சிறு படிகளாகப் பிரிக்கிறது என்பதையும் எழுதுங்கள். அந்த எண் இல்லாமல் மேற்கொண்டு எதையும் கணக்கிட முடியாது. இவற்றை முடிக்கும் வரை வேறு எதையும் மாற்ற வேண்டாம்.

தெம்பனிஸ் தச்சன் எழுதியது:

ஐயா, நண்பரே, இருவருக்கும் மிக்க நன்றி. முதலில் எர்த்: மல்டிமீட்டரில் தொடர்பே காட்டவில்லை. ஓராண்டாக இதைத் தொட்டுத் தொட்டு வேலை செய்திருக்கிறேன் என்று நினைக்கும்போது இப்போதும் உடல் சிலிர்க்கிறது. ஸ்பிண்டிலின் உடலிலிருந்து விஎஃப்டியின் எர்த் முனைக்குத் தனியாக ஒரு பச்சை-மஞ்சள் கம்பியை இழுத்து, திருகாணியின் கீழ் வளையமுனை வைத்து இறுக்கிவிட்டேன், இப்போது 0.2 ஓம் காட்டுகிறது.

நுண்படி அமைப்பு ஒரு சுற்றுக்கு 1600. ஆகவே மில்லிமீட்டருக்கு 320 படிகள். 1 மில்லிமீட்டர் சோதனையில் 500 முறை போய் வந்த பின் கேஜ் 3.1 மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது. பாதி வேகத்திலும் அதே 3.1. 200 மில்லிமீட்டர் சோதனையில் நகர்வு 0.12 மட்டுமே. தூரம் எட்டு மடங்காகியும் பிழை இவ்வளவு சிறியதாக இருப்பதைப் பார்த்துக் கேஜ் சரியில்லையோ என்று ஐயுற்று, மூன்று முறை திரும்பச் செய்தேன். ஒய் அச்சையும் சோதித்தேன்; அதுவும் இதே போலத்தான் விலகுகிறது. இசட் மட்டும் 500 முறைக்குப் பிறகும் அசையவில்லை.

ஜூரோங் பட்டறை எழுதியது:

நன்றாக அளந்திருக்கிறீர்கள், தம்பி. இனி உங்கள் எண்களே பேசும். 3.1 மில்லிமீட்டரை 500 ஆல் வகுத்தால் ஒரு போய் வருதலுக்கு 0.0062. உங்கள் ஒரு நுண்படி 0.003125 மில்லிமீட்டர். ஆக, ஒவ்வொரு போய் வருதலிலும் சரியாக இரண்டு நுண்படிகள் பிழையாகின்றன. தாமரைக்கு 240 முறை, 0.00625 வீதம்: 1.5 மில்லிமீட்டர்.

இரண்டு என்ற எண்ணிலேயே காரணம் இருக்கிறது. டிஎம்542 வகை டிரைவர், திசைச் சமிக்ஞை மாறி குறைந்தது 5 மைக்ரோவினாடிகள் கழிந்த பிறகே படித் துடிப்பு (ஒரு படி நகரச் சொல்லும் சமிக்ஞை) வர வேண்டும் என்று கேட்கிறது. ஜிஆர்பிஎல் இயல்பான அமைப்பில் திசையை மாற்றிய உடனேயே, ஒரு மைக்ரோவினாடிக்கும் குறைவான இடைவெளியில், துடிப்பை எழுப்பிவிடுகிறது. டிரைவருக்குள் சமிக்ஞைகள், அவற்றை ஒளி வழியே கடத்தும் ஒளியிணைப்பான்களைக் கடந்து செல்கின்றன. அவை ஒளிர்வதைவிட அணைவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்வது வழக்கம். அதனால் ஒரு பக்கம் திரும்பும்போது புதிய திசை சரியான நேரத்துக்குச் சென்று சேர்கிறது. மறுபக்கம் திரும்பும்போது தாமதமாகிறது. அப்படித் தாமதமானால் முதல் படி பழைய திசையிலேயே விழும். போக வேண்டிய ஒரு படி போகாததோடு எதிர்த்திசையில் ஒரு படி போயும் விடுகிறது: ஆக இரண்டு. இரு பக்கமும் ஒரே மாதிரி தாமதமாகியிருந்தால் பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்திருக்கும், நீங்கள் கவனித்திருக்கவே மாட்டீர்கள். ஏ4988 டிரைவருக்கு 0.2 மைக்ரோவினாடி இடைவெளியே போதும். புடைப்பு வேலையில் ஆயிரக்கணக்கான முறை ஏறி இறங்கியும் உங்கள் இசட் விலகாதது அதனால்தான்.

நீங்கள் டிரைவரின் எதிர்மின் முனைகளைப் பொதுத்தரையில் இணைத்து, நேர்மின் முனைகளை ஆர்டுயினோவிலிருந்து இயக்குகிறீர்கள் என்றால், ஜிஆர்பிஎல் அமைப்பில், படித் துடிப்பைத் தலைகீழாக்கும் $2 என்பதற்கு $2=3 என்று கொடுங்கள். எக்ஸுக்கு 1, ஒய்க்கு 2, சேர்த்து 3. இசட் இருந்தபடியே இருக்கும். துடிப்பு தலைகீழாவதால் டிரைவர் படியெடுக்கும் விளிம்பு துடிப்பின் தொடக்கத்திலிருந்து முடிவுக்கு நகர்கிறது. துடிப்பின் அகலமான $0 இயல்பு மதிப்பான 10 இல் இருந்தால் திசைக்கு 10 மைக்ரோவினாடி அவகாசம் கிடைக்கும். இதைச் செய்யும்போது 36 வோல்ட் மின்வழங்கியை நிறுத்திவைத்து, பிறகு ஹோமிங் செய்யுங்கள் (அச்சுகளைத் தொடக்க நிலைக்கு அனுப்புங்கள்). நேர்மின் முனைகளை 5 வோல்ட்டில் பொதுவாக இணைத்திருந்தால் எனக்கு எழுதுங்கள். அப்போது இந்த விளக்கம் பொருந்தாது.

ஈசூன் கோணம் எழுதியது:

ஒரு சிறு சேர்க்கை. துடிப்பைத் தலைகீழாக்க விரும்பாதவர்கள், ஜிஆர்பிஎல் மூலநிரலின் அமைப்புக் கோப்பில் ஸ்டெப் பல்ஸ் டிலே என்ற வரியை இயங்கச் செய்து, 10 என்ற மதிப்போடு மறுபடி தொகுத்து ஏற்றலாம். திசைக்கும் துடிப்புக்கும் இடையே அது தனி இடைவெளியையே உருவாக்கிவிடும். இந்த இடைவெளியும் துடிப்பின் அகலமும் சேர்ந்து 127 மைக்ரோவினாடியைத் தாண்டக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். என் லேத்தில் ஈராண்டாக இப்படித்தான் ஓடுகிறது. ஆனால் இந்த இழைக்கு ஐயா சொன்ன வழியே எளிது.

தெம்பனிஸ் தச்சன் எழுதியது:

ஐயா, எதிர்மின் முனைகள்தான் பொதுத்தரையில் இருந்தன. $2=3 என்று மாற்றி, ஹோமிங் செய்து, அதே 500 முறைச் சோதனையை எக்ஸிலும் ஒய்யிலும் ஓட்டினேன். கேஜின் முள் இரண்டு முறையும் தொடங்கிய கோட்டிலேயே வந்து நின்றது. மின்னோட்டம் மீண்டும் 2.84 ஆம்பியரில் இருக்கிறது. ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகும் மோட்டார் மேல் தாராளமாகக் கைவைக்க முடிகிறது. முடுக்கத்தையும் பழைய அளவுக்கு ஏற்றிவிட்டேன்.

வீணான மூன்று பலகைகளில் ஒன்றில் இன்னும் 8 மில்லிமீட்டர் கனம் மீதியிருக்கிறது. அதன் மேற்பரப்பைச் சீவிவிட்டு, வரும் சனிக்கிழமை அதிலேயே தாமரையை மறுபடி தொடங்குகிறேன்.